‘ரோக்கு’ என்றாள் அந்தப் பெண்

போன வருடம் மாரி தொடங்கிய நேரம். திருகோணமலை உள்துறைமுக வீதியில், மதியத்துக்குச் சற்று முன், அலுவலகக் கடிதங்களோடு நடந்துகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. ஜப்பான் இலக்கம், ஆனால் தம்பியுடையது அல்ல.

தம்பி அங்கே பழைய வாகனங்களைக் கழற்றும் இடமொன்றில் நான்கு வருடமாக வேலை செய்தான். எங்கள் வீட்டில் ‘ரோக்கு’ என்றொரு சின்னப் பெட்டி இருக்கிறது. இணையம் வழியாகத் தொலைக்காட்சியில் படம் பார்க்க, கனடாவிலிருந்து சித்தி கொண்டுவந்தது. அதன் ரிமோட்டை அப்பா உடைத்துவிட்டார். தம்பியிடம் சொன்னபோது, “இஞ்ச கடையொண்டில சொல்லி வைக்கிறன் அக்கா. அவையள் உங்களுக்குப் போன் எடுப்பினம்,” என்றிருந்தான்.

அழைத்தது ஒரு பெண். லொறிகளின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. தம்பியின் பெயரைச் சொன்னாள். பிறகு “ரோக்கு, ரோக்கு” என்று மூன்று நான்கு தடவை. அந்தச் சொல்லின் வாலில் வேறு ஏதோ ஓசையும் ஒட்டியிருந்தது. நடுவில் “ப்ளீஸ்”. கடைக்காரி என்றே நினைத்தேன். “ஓகே, ஓகே” என்று வைத்துவிட்டேன்.

இரண்டரை மணிக்கு அதே இலக்கம். மேலதிகாரியின் முன்னால் இருந்தேன், அழைப்பை வெட்டிவிட்டேன். திரும்ப அடித்தது. சத்தத்தை நிறுத்திக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்னேரம், தம்பியோடு வேலை செய்யும் கூட்டாளி ஜப்பானிலிருந்து அழைத்தான். எங்கள் பக்கத்து ஊர் கிண்ணியாவைச் சேர்ந்தவன். அழுதான். காலையில் வேலைத்தளத்தில் ஒரு வாகனம் சரிந்து, தம்பி இடுப்புக்குக் கீழே நசுங்கியிருக்கிறான். சத்திரசிகிச்சை முடியுமுன்னே உயிர் போய்விட்டது.

“அவன்ட போன் நொறுங்கிப் போச்சு அக்கா. ஒப்பரேசனுக்கு முந்தி, ஆறு மணிக்கு அவன் கதைப்பான், போனோட இருங்கோ எண்டு நேர்ஸ் உங்களுக்குச் சொன்னவவாமே?”

“இல்லை... அவ ரோக்கு எண்டுதான்...”

“ஓம் அக்கா. ரோக்கு எண்டா ஜப்பான் பாஷையில ஆறு, ‘ரோக்குஜி’ எண்டா ஆறு மணி.”

அவர்களுடைய ஆறு மணி எங்களுக்கு இரண்டரை.

அடுத்த வாரம் அந்த நேர்ஸே அழைத்தாள். கூட்டாளி பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தான். அந்தப் பதற்றத்தில் ஆங்கிலம் தன் வாயில் வரவில்லை என்று அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். சத்திரசிகிச்சை அறைக் கதவுவரை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டே போனாளாம். நான் எடுக்காதபோது அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். கூட்டாளி அவளிடம் கேட்டுச் சொன்னான்.

“‘அக்கா வேலையா இருப்பா, பிறகு எடுப்பம்’ எண்டு சொன்னவனாம்.”

அந்த அழைப்புகளைப் பற்றி அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. “கடைசியா ஒருக்கா எங்களோட கதைக்க வேணுமெண்டு அவனுக்குத் தோன்றேல்லையே,” என்று அவர் சொல்லும்போதெல்லாம் எழும்பி அடுப்படிக்குள் போய்விடுகிறேன்; தம்பிமேல் விழும் அந்தக் குறையை என்மேல் வாங்கிக்கொள்ளும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.