துணிக்கொடியில் ஒன்பதைக் காணோம்

என் வீட்டுக்காரியை இந்தத் தெருவில் ‘செய்தி நிலையம்’ என்பார்கள். இத்தனைக்கும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் விடிந்துவிடும். பேசுவது அவளல்ல, அவள் துணி காயப்போடும் கொடி.

கால்பந்து கிளப்பில் ஜெர்சிகளைத் துவைத்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கிளப்பின் மொட்டை மாடி என் சலூனுக்கு நேர் எதிரே. எண் வரிசை மாறாமல் காயப்போடுவாள். யாராவது கிளப்பை விட்டுப் போனால், அவருடைய ஜெர்சியைக் கடைசியாக ஒரு தடவை துவைத்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். புது ஆள் வரும்வரை கொடியில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். ஒரு தடவை அங்கே என் துண்டைப் போட்டதற்கு அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா.

கோடை வந்தால் போதும், யார் போகிறார், யார் வருகிறார் என்று தெருவே நாக்கு தேயப் பேசும். இந்த முறை வதந்தி எங்கள் ஒன்பதாம் எண் மேல் விழுந்தது. கோல் அடிக்கிற ஒரே ஆள். பெரிய கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போகப்போகிறது என்றார்கள். அவன் போய்விட்டால் அடுத்த வருஷம் எதற்கு மைதானத்துக்குப் போவது? நான் நம்ப மறுத்தேன். என் மச்சான், அதாவது அவள் தம்பி, விடுவதாயில்லை.

“நெருப்பில்லாம புகையுமா மாமா?”

“வெள்ளிக்கிழமை கொடியில ஒன்பது தொங்கலைன்னா என் மீசையை எடுத்துடறேன்டா. தொங்கினா உன் மீசை.”

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசை. வாய்க்கொழுப்பு, வேறென்ன?

புதன்கிழமை பார்த்தால் எட்டு இருக்கிறது, பத்து இருக்கிறது, நடுவில் வெறும் கயிறு. அவளிடம் கெஞ்சினேன்.

“ஏம்மா, அவன் போறானா இல்லையா?”

“சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேங்க. விடுங்க.”

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலையும் அந்த இடம் காலி. என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். மச்சான் நுரை பூசினான். வாசலில் ஒரே கும்பல். சலூனுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சத்தம் கேட்டு அவள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். கழுத்தில் இஞ்சு டேப், கையில் குண்டூசி. என்னைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“போனா முளைக்குங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடிப்பாவி. இடது பக்கம் போயிற்று. மச்சான் கத்தியை வலது பக்கம் கொண்டுபோனபோது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல.”

எங்கள் ஒன்பது! பின்வாசல் வழியாக வந்திருக்கிறான். ஜெர்சியின் இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி வைத்துக் குண்டூசி குத்தியிருந்தது. நடுவில் ஒரு தொப்பை. லீவில் அம்மா கையால் சாப்பிட்டதன் பலன். மறுநாள் சுவரொட்டிக்குப் படம் எடுக்கிறார்களாம், ஜெர்சி நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லையாம். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவளிடம் கேட்டிருக்கிறான்.

“அக்கா வாயே திறக்கல. என் வயித்துக்காக உங்க மீசை போறதை எப்படிண்ணே பாத்துட்டு நிப்பேன்?” என்றான்.

“அதெல்லாம் சரி. கொடியில ஒன்பது இல்லையே, பந்தயம் பந்தயம்தான்,” என்றான் மச்சான்.

அவள் ஒன்பதிடமிருந்து ஜெர்சியைக் கழற்றி வாங்கினாள். தெருவைக் கடந்து மாடியேறி, எட்டுக்கும் பத்துக்கும் நடுவே குண்டூசியோடு தொங்கவிட்டு வந்தாள்.

“இன்னும் வெள்ளிக்கிழமை முடியலடா, உக்காரு,” என்றாள் தம்பியிடம்.

தெருவே கூத்தாடியது. நாலு பேர் ஒன்பதைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல் இறக்கிவிட்டார்கள். மச்சானின் மீசையை எடுத்துவிட்டு, என்னுடைய மீதியையும் நானே எடுத்தேன்.

சாப்பிடும்போது அவளிடம் சண்டைக்குப் போனேன்.

“கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?”

“உங்களப் பத்தி எனக்கு எவ்வளவு தெரியும்? யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?”

யோசித்துப் பார்த்தேன். நிறைய இருந்தது. தட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள்.