மச்சானைத் தள்ளி நின்று எடுத்த படம்

ஊரில் அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். அவருடைய மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அவர் எடுக்கும் படங்களில் எல்லோருடைய மூக்கும் பெரிதாக விழும், அதனால் வந்த பெயர். ஸ்டூடியோ என்று அவர் வைத்திருந்தது ஒரு கடைக் கட்டடத்தின் மாடியில், நடைவழியை ஒட்டிய தீப்பெட்டி மாதிரி ஓர் அறை. கையில் இருந்ததோ அறை முழுவதையும் வாரிச் சுருட்டிக்கொள்ளும் அகல லென்ஸ். முகம் பெரிதாக வேண்டுமென்றால் ஆளை இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவு கிட்டப் போனால் முதலில் எதிர்கொண்டு வரவேற்பது மூக்குதானே? காது இரண்டும் கோபித்துக்கொண்டு பின்னால் போய்விடும். லட்சணமான கல்யாணப்பெண்கூட அவர் படத்தில் ஏதோ மோப்பம் பிடிக்க வந்தவள் போல இருப்பாள்.

அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதில்லை. "இருக்கிறதைத்தானே கேமரா காட்டும்" என்பார். மச்சான் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

மச்சான், மனைவியின் அண்ணன். குடிநீர்க் குழாய் இணைப்பு கொடுக்கும் அலுவலகத்தில் அதிகாரி. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது. மனு கொண்டுவந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்று சொல்வதில் பேர்போனவர். ஓய்வு பெறும் நேரம் வந்தது. அலுவலக வரவேற்பறைச் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். மச்சான் சத்தமில்லாமல் வேறொரு ஸ்டூடியோவை விசாரித்தார். செய்தி தங்கையின் காதுக்கு வந்துவிட்டது.

"எங்கண்ணனே உங்ககிட்ட வரலைன்னா வேற எவன் வருவான்? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்க அண்ணி முன்னாடி நிக்கிறது?"

'எந்த மூஞ்சியா இருந்தாலும் என் படத்துல ஒரே மாதிரிதான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. சாப்பாட்டுத் தட்டு இன்னும் அவள் கையில் இருந்ததால் விழுங்கிக்கொண்டார்.

பழைய ஸ்கூட்டரை விற்று, முகம் எடுப்பதற்கென்றே உள்ள போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். "பின்னாடி இருக்கிறதெல்லாம் மங்கிப்போய் முகம் மட்டும் தனியா நிக்கும் சார். மூக்கு மூக்கோட இடத்துல இருக்கும்" என்றார் கடைக்காரர். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அது மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லென்ஸுக்குள் ஒரு கண்ணும் அரைப் புருவமும்தான் இருந்தன. பின்னால் நகர்ந்தார். இன்னொரு கண் வந்தது, முதுகில் சுவரும் வந்தது. கதவைத் திறந்து நடைவழிக்குப் போனார். மோவாய் வந்தது. தோளையும் சேர்த்துப் பிடிக்க எதிரே இருந்த சலூனுக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது.

"ஷேவிங்கா, கட்டிங்கா?" என்றார் சலூன்காரர்.

"ஃபோட்டோ."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காலடியில முடி கிடக்கு."

படத்தைப் பார்த்த மனைவி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இத்தனை வருஷமா இந்த முகத்தை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இப்பத்தானே தள்ளி நின்னு பார்க்கிறேன்."

அவள் ஒரு முறை முறைத்துவிட்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

மச்சான் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கை சுவரோரம் நின்றுகொண்டாள். தாடை பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருந்தது. "கொஞ்சம் தலையைச் சாய்ங்க மச்சான்!" என்று மூக்குக்காரர் சலூனிலிருந்து கத்தினார். நாற்காலியில் பாதி ஷேவிங்கில் இருந்த ஒருவர் நுரையோடு திரும்பி, "சாரு பல்லு புடுங்க வந்தவராட்டம் இருக்காரே" என்று தன் பங்குக்குச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இரும்பு பீரோ ஒன்றைத் தூக்கிவந்த இரண்டு பேர், மூச்சு வாங்கிக்கொள்ள அதைச் சரியாக ஸ்டூடியோ வாசலில் இறக்கி வைத்தார்கள்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் மட்டும் கேட்டது. "மாப்பிள்ளை எங்கம்மா போனார்?"

"சலூன்ல நிக்கிறாருண்ணே."

"என்னை உட்கார வச்சிட்டு அவர் முடி வெட்டிக்கப் போயிட்டாரா?"

தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சின்ன வயதில் அவள் இப்படிச் சிரித்தால் அண்ணனும் சேர்ந்துகொள்வாராம். பழக்கம் விட்டுப்போகவில்லை போலிருக்கிறது. பீரோ நகர்ந்தபோது அதிகாரி கண்களைச் சுருக்கி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்குக்காரர் கேமரா பட்டனை அமுக்கிவிட்டார்.

"யாரு இது?" என்றார் மச்சான், படத்தைக் கையில் வாங்கி.

"நீங்கதான்."

"இது வேணாம் மாப்பிள்ளை. கேட்ட உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவன் மாதிரி இருக்கேன்."

ஆனால் தங்கை முந்திக்கொண்டு அதையே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

ஓய்வுக்குப் பிறகு மச்சான் தாடி வளர்த்தார். கொஞ்ச காலம் ஆளையே காணோம். ஒருநாள் மாடியேறி வந்தவர் ஸ்டூடியோவைத் தாண்டி நேரே சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மூக்குக்காரரும் எழுந்து அங்கே போனார்.

"பென்ஷன் விஷயமா ஆபீஸ் போயிருந்தேன் மாப்பிள்ளை. வெளிய உட்காரச் சொன்னாங்க, என் படத்துக்குக் கீழயே. பக்கத்துல ஒரு அம்மா. குழாய்க்காக நடையா நடக்கிறாங்களாம். படத்தைக் காட்டி, 'இந்தப் புண்ணியவான் இப்ப இருந்தா என் வேலை அன்னிக்கே முடிஞ்சிருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரியுது'ங்கிறாங்க."

"நான்தான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? போன வருஷம் அவங்களை நாளைக்கு வாங்கன்னு அனுப்பினவனே நான்தான். குரலை வச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. முகத்தை எங்க பார்த்தேன்?"

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சலூன்காரரின் கை அப்படியே நின்றது. "அப்புறம்?"

"மனுவை வாங்கிட்டு உள்ள போனேன். புது அதிகாரி நாளைக்கு வாங்கன்னான். யாருகிட்ட? அந்த வித்தையெல்லாம் நான் கரைச்சுக் குடிச்சவன். கையெழுத்து வாங்காம நகரலையே!" மச்சான் கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தாடியை எடுத்துடுப்பா. அந்த அம்மா இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னிருக்காங்க. படத்துல இருக்கிற ஆளாட்டம் போய் நிக்கணும்ல?"