ஏழு விநாடி

மூன்றாவது மாடிக்குப் போகும் படியில் நின்றுகொண்டு ஒருவர் வாயை அசைக்கிறார். சத்தம் வராது. "வணக்கம், வாசலுக்கு லாக் மாட்ட வந்திருக்கேன்" என்பதை உதடுகள் மட்டும் மூன்று தடவை சொல்லிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் விரல் அழைப்பு மணிக்குப் போகும். முதல் வாக்கியம் தடங்கலில்லாமல் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். வராவிட்டால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரிப்பார். அட்டைக்குத் திக்காது.

வயது நாற்பத்தாறு. சொன்னதைக் கேட்டு நடக்கும் கருவிகளை வீடு வீடாகப் போய்ப் பொருத்துவது அவர் தொழில். விளக்கு, மின்விசிறி, பூட்டு, திரைச்சீலை எல்லாவற்றையும் உள்ளங்கையளவு உருண்டை ஒன்றோடு இணைத்துவிட்டு வருவார். அந்த உருண்டைக்கு நிறுவனம் வைத்த பெயர் கண்மணி. "கண்மணி, விளக்கைப் போடு" என்றால் போடும். "கண்மணி, கதவைப் பூட்டு" என்றால் பூட்டும். நமக்கெல்லாம் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவருக்குத்தான் 'க' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பேச்சைக் கேட்கும் எந்திரத்தை மாட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவருக்கு அதன் பெயரையே சொல்ல வராது. யாரிடம் போய்ச் சொல்லி அழ?

அவர் அழவில்லை, வழி கண்டுபிடித்தார். கருவிப் பையில் திருப்புளியும் ஒயரும் இருப்பதுபோல், வாய்க்குள் ஒரு மாற்றுச் சொல் மூட்டை வைத்திருக்கிறார். கதவு அவருக்கு எப்போதும் வாசல். கரண்ட் மின்சாரம். "காலையில வரேன்" என்று சொல்ல மாட்டார், "விடிஞ்சதும் வரேன்" என்பார். கண்ணாடியை 'ஆடி' என்று அவர் சொல்லப்போய், ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற பேராசிரியர் நெகிழ்ந்தே போனார். "இந்தக் காலத்துல இப்படித் தமிழ் பேசறவர் ஒருத்தர் இருக்கீங்களே!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு ஆணி அடித்தார். கண்மணியை 'அம்மணி' என்பார். வாடிக்கையாளர்கள் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்து ரசிப்பார்கள்.

பொருத்தி முடித்த பிறகு கருவியைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டுமே? அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லி, "இந்த வீட்டுலயே ரொம்ப மெல்லமா பேசறவங்க யாரு? அவங்க அழைக்கட்டும்" என்பார். இது நிறுவனத்தின் விதி என்றே எல்லோரும் நம்புகிறார்கள். அதிகாரமாய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வீட்டுத் தலைவரை விட்டுவிட்டு, சமையலறை வாசலில் பாதி மறைந்து நிற்கும் மருமகளையோ வாயே திறக்காத மாமனாரையோ முன்னால் வரவழைப்பார். அவர்கள் கூச்சத்தோடு "கண்மணி..." என்று இழுத்து, விளக்கு பளிச்சென்று எரியும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமாம். "அதுக்காகவே இந்த வேலையில இருக்கேன்" என்று மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

சொல்ல ஆரம்பித்தார் என்பதுதான் சரி. முடித்துவைத்தது மனைவி. அந்த அம்மாள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மருத்துவர் கையெழுத்தையே அரைக் கண்ணில் படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் பேச்சு எம்மாத்திரம்? பதினெட்டு வருஷமாக அவர் தொடங்கும் வாக்கியங்களை அவள்தான் முடிக்கிறாள். அன்பில்தான் செய்கிறாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவசரமும் அன்பும் சேர்ந்தால் சில சமயம் தடம் மாறிவிடும். ஒருநாள் "நாளைக்கு லீ... லீ..." என்றார். "லீவா? அப்பாடா, பீரோவை அந்தப் பக்கம் நகர்த்திடலாங்க!" என்றாள். அவர் சொல்ல வந்தது லீவு இல்லை என்று. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். மறுநாள் விடிந்தும் விடியாமலும் பீரோவை நகர்த்திவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'ஒரு நிமிஷம்'. திக்காமல் வழுக்கிக்கொண்டு வரும் சொற்கள் அவை. யார் என்ன கேட்டாலும் முதலில் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி அவகாசம் வாங்கிக்கொள்வார். தொலைபேசி மட்டும் பரம எதிரி. எதிரில் முகம் இல்லாத இடத்தில் அவருடைய மௌனத்தை எல்லோரும் 'லைன் கட்' என்று எடுத்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். அதனால் எதுவானாலும் குறுஞ்செய்திதான்.

இவ்வளவும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் நிறுவனம் ஊழியர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கண்மணியை இலவசமாகக் கொடுத்தது. மனைவி கடைக்குப் போன பிறகு, தனியாக அதன் எதிரே உட்கார்ந்தார். பெயர் சொல்ல வராது என்பதால் தலையில் இருக்கும் பொத்தானை அழுத்தினார். நீல வெளிச்சம் வந்தது. "ஜன்னல்... தி... தி..." என்றார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி மன்னிப்புக் கேட்டது. இரண்டு விநாடி இடைவெளி விட்டால் போதும், பேச்சு முடிந்துவிட்டது என்று அதுவே முடிவு கட்டிவிடுகிறது. மனுஷர்களாவது மூன்று விநாடி கொடுப்பார்கள்.

மற்றவர்களாக இருந்தால் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள். இவர் கைபேசி வழியாக அதன் அமைப்புகளுக்குள் புகுந்து, ஒன்றுக்குள் ஒன்றாக நாலு பட்டியல் தாண்டிப் போய், 'காத்திருக்கும் நேரம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டில் இருந்தது. ஏழு வரை போனது. ஏழில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தி, "ஜன்னல்... தி... தி... திரையை... மூடு" என்றார். உருண்டை பேசாமல் கேட்டது. கடைசிச் சொல்லுக்குப் பிறகும் நிதானமாகக் காத்திருந்துவிட்டுத் திரையை மூடியது. யாரும் குறுக்கே வராமல் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பொத்தானை மறுபடி அழுத்தித் திரையைத் திறக்கச் சொன்னார், மறுபடி மூடச் சொன்னார்.

மறுநாளிலிருந்து, போகிற வீட்டிலெல்லாம் கண்மணியை ஏழில் வைத்துவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே. ஏழு விநாடி யாருக்கு என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்தார். அது தப்பு. அவருக்கு ஏழு விநாடி என்பது ஒரு சொல். மற்றவர்களுக்கு அது இருட்டில் நிற்கும் நேரம்.

குட்டு வெளிப்பட எட்டு மாதம் ஆனது. புகார்கள் வந்தன. "இந்த ஏரியாவுல எல்லா கண்மணியும் மந்தமா இருக்கு" என்றார் ஒருவர். மழையில் இரண்டு கையிலும் பையோடு நின்று "கதவைத் திற" என்று சொல்லிவிட்டு ஏழு விநாடி தொப்பலாக நனைந்த அம்மாள் இன்னும் காட்டமாக எழுதியிருந்தாள்: "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க. எனக்குப் பூமி வேண்டாம், கதவைத் திறந்தா போதும்." மேற்பார்வையாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மந்தமான நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பொருத்திக்கொடுத்தவர் ஒரே ஆள்.

மேற்பார்வையாளர் சின்ன வயதுக்காரி, கெட்டவள் இல்லை. அவளுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டாள். "ஒரு நிமிஷம்" என்றார். அதற்குள் அவளுடைய தொலைபேசி அடித்தது. பேசி முடித்துவிட்டு, "சரி விடுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா வீட்டுக்கும் நேர்ல போயி பழையபடி ரெண்டுல வச்சிடுங்க. ஒண்ணு விட்டுப்போனாலும் மேல இருக்கறவங்க உங்களை வச்சிருக்க மாட்டாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். அவர் தலையாட்டினார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெளியே வந்தார்.

திங்கள், செவ்வாய், புதன். ஏறினார், பொத்தானை அழுத்தினார், ஏழை இரண்டாக்கினார், இறங்கினார். பெரும்பாலான வீடுகளில் "அப்பாடா!" என்றார்கள். மழையில் நனைந்த அம்மாளிடம் "தப்பு என்மேலதான்" என்று சொல்லிவிட்டே வந்தார். அவள் முறைத்தாள், அப்புறம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மதியம் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். முன்னறையில் தையல் எந்திரம். ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் அவள் கணவர். மொத்தச் சந்தையில் முப்பது வருஷம் பழ ஏலம் விட்டவர். அவர் வேகத்துக்கு எண்ணிச் சொல்ல இன்னொருத்தர் பிறந்து வர வேண்டும் என்பார்களாம். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் பாதி போய், மிச்சம் இருப்பது சொட்டுச் சொட்டாக வருகிறது.

"வாங்க தம்பி! உங்களைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள் தையல்காரம்மா. ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். "அந்தக் காலத்துல இவரு கையைத் தூக்கினா சந்தையே மூச்சு விடாது தெரியுமா? கையை இறக்கினாத்தான் ஏலம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் வாய்விட்டுக் கேட்டா, வீட்டுக்கு வர்றவங்களெல்லாம் என்கிட்டதான் திரும்பறாங்க, என்ன சொல்றாருன்னு. நான் மட்டும் என்னவாம்? எனக்கும் பொறுமை கிடையாது, அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நானே சொல்லிடுவேன். இது ஒண்ணுதான் கடைசிவரைக்கும் கேக்குது."

ஏலக்காரர் அலமாரியில் இருந்த உருண்டையைப் பார்த்தார். "கண்... மணி" என்றார். நீல வெளிச்சம் வந்தது. "ஃபே... ஃபேனை..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "கொ...றை" என்று முடித்தார். காத்திருந்துவிட்டு, மின்விசிறி வேகம் குறைந்தது. அவர் இந்த விருந்தாளியை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெட்டிப் பழத்தை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர் பார்வை.

இவர் கையில் கைபேசி திறந்திருந்தது. ஏழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. பேசாமல் ஏழை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுப் பட்டியலில் 'முடிந்தது' என்று குறித்துவிட்டுப் போய்விடலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான், எது செய்தாலும் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போய்விடுவது. மாட்டிக்கொண்டால் வேலை போகும், இன்னொருவர் வந்து இரண்டில் வைப்பார், அவ்வளவுதான். முந்தின மூன்று நாளில் மாற்றிய வீடுகளில், பாதி மறைந்து நின்று கூச்சத்தோடு கண்மணியைக் கூப்பிட்டவர்களெல்லாம் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களையும் அவர் கேட்கவில்லை. வைக்கும்போதும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் எண்ணை அழுத்தினார். வாழ்க்கையில் அவராக அலுவலகத்துக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க சார், என்ன ஆச்சு?"

"ஒரு நிமிஷம் மேடம். இந்த அம்மணியை மாத்தறதுக்கு..."

"அம்மணியா? எந்த அம்மணி? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

மாற்றுச் சொல் மூட்டையைத் துழாவினார். மெஷின் இருந்தது, உருண்டை இருந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"க..." என்றார். நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. "க... க..."

"ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?"

தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. 'கண்மணியைத்தான் சொல்றார்' என்று போனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

நாற்காலியில் ஏலக்காரரின் இடது கை மேலே எழுந்தது. விரல்கள் விரிந்து, தோளுக்கு மேலே, ஆடாமல் நின்றது. தையல்காரம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"க... கண்மணியை" என்றார் போனில் பேசிக்கொண்டிருந்தவர். அலமாரியில் நீல வெளிச்சம் எரிந்தது. இவர் குரலுக்கு இதுவரை அது எரிந்ததே இல்லை. போனில் மேற்பார்வையாளர் பேசவில்லை, வைக்கவும் இல்லை. பின்னால் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. "மாத்தறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வீட்டுலயும்... க..." இல்லை, 'கே' வர வேண்டிய இடத்தில் 'க'தான் வந்தது. மறுபடி தொடங்கினார். "ஒவ்வொரு வீட்டுலயும்... கே... கே..."

தூக்கிய கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

"...கேக்கணும் மேடம்."

கை இறங்கியது.