அரை டம்ளர் டீ

ஆஸ்பத்திரி கேன்டீனில் ஏழு வருஷமாகப் பாத்திரம் கழுவுகிற நுரையக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. தூக்கி எறிகிற சாமான் எதுவும் மண்டபத்துக்குள் வரக்கூடாது, பேப்பர் கப் உட்பட.

கல்யாண வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா குதித்தார்.

“நானூறு பேருக்கு டம்ளருக்கு எங்க போறது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? என் மானமே போயிடும்டி.”

“ஞாயித்துக்கிழமை பேச வர்றாங்கல்ல, அறுபது பேரு? முப்பது டம்ளர்ல சமாளிக்கிறேன். டீ எங்கேன்னு ஒருத்தர் கேட்டாலும் உங்க பேப்பர் கப்பே வாங்கிக்கலாம்.”

சித்தப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. அன்றைக்கு அவரே அடுப்படியில் நின்று, டீயைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினார். ஊதி ஊதிக் குடித்தால் டம்ளர் எப்போது திரும்பி வரும்?

நுரையக்கா எல்லா டம்ளரிலும் பாதிதான் ஊற்றினாள்.

“என்னடி, கஞ்சப் பிசினாறின்னு பேசப்போறாங்க.”

“கேன்டீன்ல பெரிய டாக்டருக்கே பாதிதான் சித்தப்பா. சீக்கிரம் ஆறிடும். வேணும்னா இன்னொரு பாதி.”

நாலே மடக்கு. போன வேகத்தில் டம்ளர்கள் திரும்பின, கழுவிய ஈரத்தோடு மறுபடி கிளம்பின. வருங்கால மாமியார் மூன்றாவது பாதியைக் குடித்துக்கொண்டிருந்தார். டீ எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

சித்தப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே வந்தார்.

“கல்யாணத்தன்னிக்கு யாரு கழுவுறது?”

“கேன்டீன்லேருந்து மூணு பேர் வர்றாங்க,” என்றாள். “உங்களோட நாலு.”