ஈரத் தலையோடு எடுத்த அளவு

ஐம்பதுகளில் ஒரு சாரல் காலம். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார்கள். இரு வீட்டாரும் ஐந்தருவியில் குளித்துவிட்டு அங்கே போனோம். மாப்பிள்ளையின் தாய்மாமா டாக்டர். அக்காவின் கூந்தலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தபோதே கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்து, மிச்சத்தை நாடித் துடிப்பால் பெருக்கினார். இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அறியச் சுருக்கு வழியாம்.

"மெட்ராஸ்ல இதுக்கு ரத்தக்குழாய்க்குள்ள ட்யூப் விடுதான். எனக்கு இது போதும்" என்றார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம், எங்கள் காதில் விழும்படி: "இறைப்பு பத்தாது. பிள்ளைப்பேறு தாங்க மாட்டா."

அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் எங்கள் ஊரான தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அக்கா பக்கத்து ஊரான இலஞ்சியில் பள்ளி டீச்சரானாள். தினமும் நடந்தே போய் வந்தாள். மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் பத்திரிகை நிருபரானேன். அந்த டாக்டரை மறக்கவில்லை. அறுபதுகளில் ஒரு சீசனில், குற்றாலத்தில் டாக்டர்கள் கூட்டமொன்றில் அவர் தன் சுருக்கு வழியைச் செய்து காட்டப்போவதாகத் தெரிந்தது. போனேன். அருவியிலிருந்து நேராக வந்திருந்தார்; தலை காயவில்லை.

"முதல்ல உங்களுக்கே பாத்திருவோமே, டாக்டர்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். இளம் டாக்டர் ஒருவர் பட்டையைச் சுற்றி, கணக்குப் போட்டு, தயங்கித் தயங்கி விடையைச் சொன்னார்.

"இந்த இறைப்புக்கு அண்ணாச்சி படுத்துல்லா கிடக்கணும்!" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு.

அவர் முகம் சிவந்தது. "குளிச்ச உடனே பாத்தா கணக்கு தப்பத்தான் செய்யும். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும். இதுகூடத் தெரியாதா?"

"எங்க அக்காவுக்கு ஈரத் தலையோட பாக்கும்போது இது உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டு, எந்தப் பங்களா, எந்த மாப்பிள்ளை என்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவர் பட்டையைச் சுருட்டத் தொடங்கினார். எனக்கு அது போதவில்லை.

குளித்த உடனே பார்த்தால் கணக்கு தப்பும் என்று அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் செய்தியாக அனுப்பினேன். என் கருத்து ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் பேர் மட்டும் இரண்டு இடத்தில் வந்தது.

அக்கா நின்றபடியே பேப்பரைப் படித்தாள்.

"ஏலே, இவ்வளவு சின்ன எழுத்துல போட்டிருக்கானுவ. அந்த மாப்பிள்ளையோட அம்மாவுக்கு இப்பம் கண்ணு தெரியுதோ என்னவோ" என்றாள். "அவுக ஊரு ஆறு மைலுதான. நாளைக்கு நானே போயி வாசிச்சுக் காட்டிட்டு வாறேன்."

போனாள். நடந்தே.