வரைபடத்தில் இல்லாத கேட்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து ஓர் இட்டேரி பிரிகிறது. இருபுறமும் கிளுவை வேலி போட்ட வண்டித்தடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இப்போது அங்கே வேலியும் இல்லை, மண்ணும் இல்லை. அகலப்படுத்தித் தார் போட்டு, நடுவில் வெள்ளைக்கோடு இழுத்திருக்கிறார்கள். அது தொடங்கும் இடத்தில் ஓர் இரும்பு கேட். உள்ளே போனால் இரண்டு பக்கமும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நிலம். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். எழுதாவிட்டாலும் அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தடத்தின் கடைசியில், பல்கலைக்கழகத்தின் பின்மதிலை ஒட்டி, என் தங்கைக்குத் தோட்டம் இருக்கிறது. கூடப் பிறந்தவள் அல்ல. பங்காளி வீட்டுப் பெண். அவள் கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். கிணற்றுத் தண்ணீரை வைத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டு, அதை ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பி, அவள்தான் குடும்பத்தை நடத்துகிறாள்.

நான் செய்தித்தாள் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்து ஒருநாள் காலையில் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, பேப்பர்ல எழுதுனவங்கதான நீங்க? என் தோட்டத்துக்கு நான் போறதுக்கு, எதுக்குப் போறேன்னு கேட்டுல நிக்கறவன் கேக்கறான். என்னன்னு சொல்றதுங்க?"

"என்ன அம்மிணி சொன்னே?"

"கிழங்கப் பாக்கப் போறேன்னேன். யாரப் பாக்கணும்னு நோட்டுல ஒரு கட்டம் இருக்குது. அதுல கிழங்குன்னே எழுதிக்கிட்டான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முந்தின நாள் வியாபாரி அனுப்பிய லாரியைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனரக வாகனத்துக்கு அனுமதி இல்லையாம். நல்லவேளை, அன்று கிழங்கைப் பிடுங்க ஆரம்பித்திருக்கவில்லை. குச்சிக்கிழங்கைப் பிடுங்கிவிட்டால் காத்திருக்க முடியாது. மறுநாளே மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் மாவுச்சத்து இறங்கும். மில்லில் மாவுச்சத்தை அளந்து, அந்தப் 'பாயிண்ட்' பார்த்துத்தான் எடுப்பார்கள். லாரி வராத தோட்டத்துக்கு எந்த வியாபாரியும் வரமாட்டான்.

"தோட்டத்த எங்களுக்கே குடுத்துருங்கன்னு போன வருசமே ஆள் உட்டாங்க. மாட்டேன்னேன். இப்பத் தடத்த அடைக்கறாங்க. வேற என்னத்துக்குங்க?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே போய், கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். கேட்டைத் தாண்டிச் சற்று உள்ளே பல்கலைக்கழக அறக்கட்டளை கட்டிய வணிக வளாகம் இருக்கிறது. கீழே பெரிய சூப்பர் மார்க்கெட், பிரியாணிக் கடை, சோபா, கட்டில் விற்கும் ஷோரூம். மேலே குளிர்சாதனக் கல்யாண மண்டபம். கார்கள் வந்துகொண்டே இருந்தன. காவலாளி ஒரு காரைக்கூட நிறுத்தவில்லை. சிலவற்றுக்குச் சல்யூட் அடித்தான். சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரி ஒன்று, கிழங்கு லாரியைவிடப் பெரியது, தடையில்லாமல் உள்ளே போயிற்று. தலையில் துண்டு கட்டி, கையில் மண்வெட்டியோடு வந்த ஒருவரை மட்டும் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அடுத்த நாள் அவள் அரிவாளைத் துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "சோப்பு வாங்கப் போறேன்" என்று சொல்லி உள்ளே போயிருக்கிறாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது நிஜமாகவே ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். "பொய் சொல்லிப்போட்டுப் போனமாதிரி ஆயிரக்கூடாதுங்களே" என்றாள். எனக்கு அப்போதுதான் கோபம் முழுதாக வந்தது. சொந்தத் தோட்டத்துக்குப் போக ஒரு பெண் வாடிக்கையாளர் வேஷம் போட வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரைச் சந்தித்தேன். மரியாதையானவர். காபி வரவழைத்தார்.

"அது எங்க இடங்க சார். எங்க செலவுல ரோடு போட்டோம். அந்தம்மா போறதுக்கு உடறதே ஒரு மனிதாபிமானத்துலதான்."

"அவங்க குடும்பம் அந்தத் தடத்துல தலைமுறையா போய்க்கிட்டு இருக்குதுங்களே?"

"ஒத்துக்கறேன். நாங்க ஒண்ணும் தடுக்கலையே. மாணவர் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குது சார். நாலு புள்ளைங்க நடமாடற எடத்துல லாரிய உட முடியுங்களா?"

சூப்பர் மார்க்கெட் லாரியைப் பற்றிக் கேட்டேன். "அது வெண்டர் வண்டி" என்றார். அந்த ஒரு சொல்லில் விஷயம் முடிந்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். நானும் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

அறக்கட்டளை இடமென்று வாயால் யாரும் சொல்லலாம். கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போது காகிதத்தில் என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். மாவட்டச் செய்தியாளனாக இருந்த காலத்தில் கற்ற ஒரே ஒழுங்கு அதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, அந்த வளாகத்தின் அனுமதிக் கோப்பை நேரில் பார்க்க அனுமதி கேட்டேன். முதலில், வணிக ரகசியம் என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்த பிறகு பார்க்க விட்டார்கள்.

கோப்பு தடிமனாக இருந்தது. விவசாய நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்டவர் யார் என்ற இடத்தில் கல்வி அறக்கட்டளையின் பெயர் இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது வரைபடத்தில் இருந்தது. அந்த அளவு கடைக் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்க வேண்டுமானால், அதன் முன்னால் போதிய அகலமுள்ள பொதுச் சாலை இருக்க வேண்டும். இட்டேரிக்கு அந்த அகலம் இல்லை. அதனால் அறக்கட்டளை தன் நிலத்திலிருந்து ஒரு நீளத் துண்டைச் சாலைக்காக ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தது. பதிவு செய்யப்பட்ட பத்திரம். அதன் நகலும் அங்கே இருந்தது. பழைய தடத்தையும் அந்தத் துண்டையும் சேர்த்து, நெடுஞ்சாலை முதல் என் தங்கையின் தோட்டம் வரை, 'பொதுச் சாலை' என்று வரைபடத்தில் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டிருந்தவர் அறக்கட்டளையின் தலைவர். வரைபடத்தில் எங்கும் கேட் இல்லை.

நகல் கேட்டு வாங்கினேன். வெளியே வந்து அலுவலக வாசலில் நின்று மறுபடி படித்தேன். அரசாங்கத்திடம் போனபோது அது பொதுச் சாலை. அப்படிச் சொன்னால்தான் கடை கட்ட முடியும். குச்சிக்கிழங்கு வரும்போது அது தனியார் இடம். அப்படிச் சொன்னால்தான் தோட்டம் கைக்கு வரும். தானமாகக் கொடுத்துவிட்ட மண்ணின் மேல் கேட் போட்டு, மனிதாபிமானம் என்று எனக்குக் காபி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டமும் கற்பிக்கிறார்கள், கட்டடப் பொறியியலும் கற்பிக்கிறார்கள். ஒரு வரைபடத்தில் பொதுச் சாலை என்று எழுதினால் அதற்கு என்ன பொருள் என்று முதலாண்டு மாணவனைக் கேட்டால் சொல்வான்.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் மாவட்டப் பதிப்பு ஆசிரியரிடம் நகல்களைக் காட்டினேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர், நல்ல பையன். எல்லாவற்றையும் கவனமாகப் படித்தார். "செய்தி சுத்தமா இருக்குங்க சார்" என்றார். பிறகு, "அட்மிஷன் முடியட்டும், போடலாம்" என்றார். அட்மிஷன் காலத்தில் முதல் பக்கம் முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் விளம்பரம்தான். ஏற்கெனவே முற்றிவிட்ட கிழங்கு அதுவரை மண்ணுக்குள் காத்திருக்காது.

நகல்களைக் காட்டி வியாபாரியை இன்னொரு முறை வரச் சம்மதிக்க வைத்தோம். அவருக்கு லாரி கிடைத்த நாள் ஒரு முகூர்த்த நாளாக அமைந்தது. விடிந்ததிலிருந்து பெண்கள் கிழங்கைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். லாரி கேட்டுக்கு வந்ததும் காவலாளி ஒரு தாளை நீட்டினான். மேலாளர் கொடுத்து வைத்திருந்ததாம். நான் வாங்கித் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான தனிவழியில், நிர்வாகத்தின் கருணையின் பேரில், இந்த ஒரு முறை மட்டும் லாரி சென்றுவரச் சம்மதம் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"போட்டா இன்னைக்குக் கிழங்கு போயிரும் அம்மிணி. அப்புறம் இதையே கோர்ட்டுல காட்டுவாங்க. தடம் அவங்களதுன்னு நீயே ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"போடலைன்னா?"

"போடலைன்னா எனக்குத் தெரியல."

அவள் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். பிடுங்கிப் போட்டதைத் திரும்ப மண்ணுக்குள் வைக்க முடியாது. காவலாளி நீட்டிய பேனாவை வாங்கி, அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள். "நீ நல்லா இரு சாமி. உம்மேல எனக்கொண்ணும் வருத்தமில்ல" என்றாள்.

லாரி டிரைவர் திருச்செங்கோட்டுக்காரர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் இன்ஜினை அணைத்துவிட்டு, பீடி பற்ற வைத்தார். லாரியின் மூக்கு கேட்டில், வால் நெடுஞ்சாலை ஓரத்தில். கல்யாணத்துக்கு வந்த கார்கள் பின்னால் வரிசைகட்டி நின்றன. பட்டுச்சேலைகள் இறங்கி வெயிலில் நடக்கத் தொடங்கின. மேலாளர் ஓடி வந்தார்.

"வண்டிய எடுய்யா."

"எங்கீங்க எடுக்கறது? முன்னால கேட்டு, பின்னால காரு. பறக்கச் சொல்றீங்களா?"

மேலாளர் போலீசுக்குப் போன் போட்டார். ஓர் ஏட்டு பைக்கில் வந்தார். அவசரமில்லாத மனிதர். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு மேலாளரிடம் சொன்னார்: "உங்க எடம்னா அது சிவில் விவகாரமுங்க, நாங்க கைவைக்க முடியாது. இந்தக் கேட்டு ரோடு பொது ரோடு, அத மறிச்சு நிக்கறான்னு எழுதிக் குடுங்க, இப்பவே எடுக்கச் சொல்றேன்."

மேலாளர் நெடுஞ்சாலையில் வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மேலாளர் பைக்கின் சீட்டில் தாளை வைத்து எழுதினார். வளாகத்துக்குப் போகும் பொதுச் சாலையை மறித்து நிற்கும் லாரி என்று அவர் எழுதியதை ஏட்டின் தோளுக்கு மேலிருந்து நான் போனில் படமெடுத்தேன். ஏட்டு டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். பின்னால் போக இடமில்லை. கேட்டைத் திறந்தார்கள். லாரி தோட்டத்துக்குப் போயிற்று.

சாயங்காலத்துக்குள் கிழங்கு மில்லுக்குப் போய்விட்டது. புகாரை மேலாளர் அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார்.

வரைபட நகலையும் அந்தப் படத்தையும் வைத்து இரண்டு அலுவலகங்களுக்கு மனு அனுப்பினேன். அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து வந்த பதில்: வரைபடத்தின்படி அது பொதுச் சாலைதான், கேட் குறித்து ஊராட்சியை அணுகவும். ஊராட்சியின் பதில்: கேட் அனுமதி பெற்ற வரைபடத்துக்கு முரணாக இருந்தால், அனுமதி கொடுத்த அலுவலகத்தை அணுகவும். இரண்டையும் ஒன்றாக வைத்து மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். கேட் அங்கேயே இருக்கிறது. அட்மிஷன் முடிந்துவிட்டது, செய்தி வரவில்லை.

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். உழுது, மண்ணை நீள மேடுகளாக அணைத்துப் பார் பிடித்து வைத்திருந்தார்கள். நடுவதற்காக நறுக்கிய மரவள்ளிக் குச்சிகள் ஈரச்சாக்குக்கு அடியில் இருந்தன. அறக்கட்டளையிலிருந்து மறுபடி ஆள் வந்ததாகத் தங்கை சொன்னாள். கணவரும் வடக்கேயிருந்து போன் செய்து, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

"இப்ப நட்டா, புடுங்கறதுக்குப் பத்து மாசம் ஆகுமுங்கண்ணா. அன்னைக்குத் தடம் இருக்குமுங்களா?"

"வரைபடத்துல இருக்கு அம்மிணி. அத மாத்தணும்னா அவங்க கடைக்கே அனுமதி போயிரும்."

"வரைபடத்துல லாரி போவாதுங்களே."

அவள் சாக்கை விலக்கிக் குச்சிகளை அள்ளி, மதிலை ஒட்டிய பாரிலிருந்து நடச் சொல்லிப் பெண்களிடம் கொடுத்தாள்.