எழுத்தில் வாங்கச் சொன்ன தம்பி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் அல்ல என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுச் சேலைக்குத் தரம் பார்ப்பது என் வேலை. ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேலையைக் கையில் வாங்குவேன். இருபத்தைந்து வருடமாகச் சுரண்டிச் சுரண்டி, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டது. சொந்த அண்ணனையும் அப்படித்தான் பார்த்தேன்.

அண்ணன் பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில், ஒரே ஒரு தறி இருந்த வீட்டில். எனக்கு நான்கு வயது மூத்தவர். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அப்பா நல்ல கைவேலைக்காரர், ஆனால் வாய்ச்சொல்லை நம்பிக் கெட்டவர். ஒருமுறை முதலாளி பச்சை பார்டர் போடச் சொன்னார் என்று இருபது நாள் உட்கார்ந்து நெய்து கொண்டுபோனார். "நான் எங்கய்யா பச்சைன்னேன்? அரக்குன்னுல்ல சொன்னேன்" என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார். சேலை வீட்டுக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் சீட்டு வேண்டும். நிறம், நீளம், உடலில் போடும் புட்டா வேலைப்பாடு எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் தறியில் கை வைப்பது. அண்ணனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான்தான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா காலமானபோது அண்ணன் பிளஸ் டூ முடித்திருந்தார். வேலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். அதன்பின் அம்மாவுக்கு மருந்து, எனக்குப் படிப்பு எல்லாமே அவர்தான். இன்று நான் சங்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது அவர் எங்கோ பனியில் நின்றதால்.

ஹவில்தாராக உயர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் வந்தவர், ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அமைதிப்படையில் போவதாகச் சொன்னார். பல நாட்டுச் சிப்பாய்கள் ஒன்றாக இருப்பார்களாம். நீலத் தொப்பி கொடுப்பார்களாம். தெருவே பெருமைப்பட்டது. எனக்கு மட்டும் உறுத்தியது. பேருந்து நிலையத்தில் வழியனுப்பும்போது கேட்டேவிட்டேன்.

"உனுக்கு ஆர்டர் போடறது யாருண்ணா?"

"மேல இருக்கிறவரு வேற நாட்டு ஜெனரல்பா. எங்களோட எங்க ஆபீசரும் இருப்பாரு."

"ரெண்டு பேரும் வேற வேற சொன்னா?"

"அதெல்லாம் அப்படி ஆவாதுடா."

"ஆவும். நாளைக்கு ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு அவங்க கை கழுவிடுவாங்க. மாட்டிக்கினு முழிக்கப் போறது நீதான். அப்பா பச்சை பார்டர் போட்டது மறந்துட்சா? எவன் சொன்னாலும் எழுத்துல வாங்கிக்கோ. வாயால சொன்னா நகராத."

அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

ஒரு வருடம் என்று போனவர் எட்டாம் மாதமே திரும்பி வந்தார். ஏன் என்று சொல்லவில்லை. சாப்பாட்டில் ருசி பார்க்காதவராக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவராக ஆகியிருந்தார். பணிக்காலம் முடிந்ததும் ஓய்வு பெற்று, செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அந்த வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தேட பீரோவைத் திறந்தபோதுதான், முத்திரை வைத்த ஓர் ஆங்கிலக் காகிதம் என் கையில் கிடைத்தது. முதல் வரியிலேயே 'விசாரணை' என்று இருந்தது. அதற்குமேல் படிப்பதற்குள் அண்ணன் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி உள்ளறையில் வைத்துப் பூட்டினார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கே ஏதோ செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அதிகாரியை அடித்தாரா, பொருளைத் திருடினாரா, பெண் விவகாரமா? எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்த பிறகு அண்ணனுக்கு ஒரு புதுப் பழக்கம். யார் கூப்பிட்டாலும் அடுத்த நொடி கிளம்பிவிடுவார். பாலாற்றில் தண்ணீர் வந்தாலும் சரி, பக்கத்துத் தெருவில் சண்டை என்றாலும் சரி. ஒருமுறை பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து யாரோ போன் செய்து, மனைவிக்கு அவசரமாக ரத்தம் வேண்டும் என்றார். சோற்றில் வைத்த கையைக் கழுவிக்கொண்டு அண்ணன் பைக்கை எடுத்தார். போய்ப் பார்த்தால் அங்கே அப்படி யாரும் இல்லை. எவனோ விளையாடியிருக்கிறான். திரும்பி வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன்.

"யாரு எவருன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? இப்படியே போனா ஊரே உன்ன ஏமாத்தும்."

"கேட்டுக்கினு இருந்தா நேரம் பூடும்பா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே வேறு யாருக்கோ ஓடினார். கவுன்சிலர் தேர்தலில் நிற்க அடி போடுகிறார் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

போன வருடம் ஒரு காலை வேளையில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணனோடு ஆப்பிரிக்காவில் இருந்தவராம். நான் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணி என்னை முறைத்துவிட்டு உள்ளே போனார். வந்தவர் கோபப்படவில்லை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீலத் தொப்பியோடு அண்ணனும் அவரும் நின்றுகொண்டிருந்தார்கள். எதற்காக அண்ணன் பாதியில் திரும்பினார் என்று கேட்டேன். இலையில் பரிமாறிய சாப்பாட்டைத் தொடாமல் அவர் சொன்னார்.

"எங்க போஸ்ட்ல பதினஞ்சு பேருங்க. சாருதான் பொறுப்பு. எங்க ஆபீசர் அன்னிக்கு வேற முகாமுக்குப் போயிருந்தாரு. மத்தியானம் ரேடியோல ஒருத்தர் வந்தாரு. வேற நாட்டு ஆபீசரு. படகுத்துறையில ஜனங்க மாட்டிக்கினு இருக்காங்க, துப்பாக்கிக்காரனுங்க வரானுங்க, உடனே வண்டிய எடுத்துக்கினு போய் குறுக்க நில்லுங்கன்னாரு. சாருக்கு அவரு குரலும் பழக்கமில்ல, அவரு பேசற இங்கிலீஷும் பழக்கமில்ல. எழுத்துல அனுப்புங்க, இல்லன்னா எங்க ஆபீசர் சொல்லட்டும்னுட்டாரு. எங்க ஆபீசரு லைன்ல கெடைக்கல. ஆர்டர் எழுத்துல வர்றதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சுங்க."

"அப்புறம்?"

"வந்த ஒடனே போனோம். எத்தினி பேருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு அவர் லேசாகச் சிரித்தார். "நாங்க அவசரப்படுத்தனப்ப சாரு இன்னா சொன்னாரு தெரியுங்களா? எந்தம்பி சொல்லி அனுப்பிக்கிறான், வாயால சொன்னா நகராதன்னு. அந்தத் தம்பி இங்க இருக்காருங்களா?"

"வெளியூர்ல இருக்கான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் குடியாத்தம் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலை அண்ணியிடம் கேட்டு அந்தக் காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தேன். ஆர்டரை உறுதிப்படுத்தக் கேட்டதில் அண்ணன்மேல் குற்றமில்லை என்று இருந்தது. அந்த வெளிநாட்டு அதிகாரிமேலும் குற்றமில்லை, அன்று லைனில் கிடைக்காத நம் நாட்டு அதிகாரிமேலும் இல்லை. செத்தவர்கள் இருக்கிறார்கள், குற்றம் செய்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. அப்படி ஒரு காகிதத்தை நான் இன்றும் நம்பவில்லை. ஆபத்து வருவது மேலே உள்ளவர்களுக்கு எப்போது தெரிந்தது? ரேடியோ ஏன் அன்று மட்டும் கிடைக்கவில்லை? எந்தக் கொடியின் கீழ் நிற்கிறோம் என்றே சிப்பாய்க்குக் குழப்பமாக இருக்கும்படி ஏன் அனுப்புகிறார்கள்? இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை.

ஆனால் காகிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. எழுத்தில் வரும்வரை ஏன் காத்திருந்தீர்கள் என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். 'அது என் சொந்த முடிவு, யாரும் சொல்லவில்லை' என்று பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுத்தில் இருந்தது பொய். குடியாத்தத்துக்காரர் வாயால் சொன்னது உண்மை. எட்டு வருடம் அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார், என் ஏச்சைக் கேட்டுக்கொண்டார், ஒரு நாள்கூட என்னால்தான் என்று சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை அவர் பூட்டி வைத்தது என் கண்ணில் படக்கூடாது என்றுதான். ஊர்க்காரர் கூப்பிட்டபோதெல்லாம் அவர் ஏன் ஓடினார் என்பதும் எனக்கு அன்றுதான் புரிந்தது. அவர் இருக்கும்போது புரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

இனி நன்றி. நெஞ்சு வலி வந்த காலையில் அண்ணி போட்ட ஒரு சத்தத்துக்கு, என்ன ஏது என்று கேட்காமல் ஆட்டோவைத் திருப்பிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கு முதல் நன்றி. அதே நேரம் அண்ணி எனக்கும் போன் செய்தார். நான் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த தெருக்காரர்களுக்கும், அண்ணன் தானமாகக் கொடுத்த ரத்தம் ஓடும் உடம்போடு வந்து அழுதுவிட்டுப் போன முகம் தெரியாத குடும்பங்களுக்கும், காரியங்களை முறையாக நடத்திக் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் ஒரு பிரதி குடியாத்தத்துக்கும் தபாலில் போகிறது. ஐயா, நீங்கள் விசாரித்த தம்பி வெளியூரில் இல்லை. அன்று உங்களிடம் அடையாள அட்டை கேட்டவன்தான் அவன். வாயால் சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. எழுத்தில் கொடுக்கிறேன்.